கிளிப் போட்டால் குறட்டையும் பல் கடிப்பும் நிற்குமா?

பல் சீரமைப்பு மருத்துவரிடம் பிள்ளையை அழைத்து வரும் பெற்றோர், எத்துப்பல்லையும் தெற்றுப்பல்லையும் பற்றிப் பேசி முடித்த பிறகு, எழுந்து போகும் நேரத்தில் இன்னொன்றையும் கேட்பதுண்டு: "ராத்திரியெல்லாம் குறட்டை விடுகிறான் டாக்டர், பல்லை நறநறவென்று கடிக்கிறான். கிளிப் போட்டால் அதுவும் சரியாகிவிடுமா?" இதற்கு ஒரே சொல்லில் விடை சொல்ல இயலாது, ஏனெனில் இந்தக் கேள்விக்குள் இரண்டு தனித்தனி கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. குறட்டை மூச்சு சென்று வரும் வழியில் பிறக்கிறது. பல் கடிப்போ, தூங்குகிறவரின் மூளை எழுப்பும் தூண்டுதலால் தாடைத் தசையில் நிகழ்கிறது. பல் சீரமைப்புச் சிகிச்சை முதலாவதைச் சிலருக்கு, அதுவும் தாடை எலும்பின் அமைப்பே காரணமாக இருக்கும்போது, ஓரளவு குறைக்கக்கூடும். இரண்டாவதை அது பெரும்பாலும் மாற்றுவதில்லை. கிளிப் போட முடிவெடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு குடும்பமும் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறட்டை எங்கே பிறக்கிறது

கழுத்துக்குக் கீழே இறங்கும் மூச்சுக்குழாய்க்குக் குருத்தெலும்பு வளையங்கள் உண்டு. அது எளிதில் மடங்காது. ஆனால் மூக்கின் பின்புறத்திலிருந்து குரல்வளை வரையுள்ள தொண்டைப் பகுதிக்கு அத்தகைய தாங்கல் எதுவும் இல்லை. விழித்திருக்கும் வரை நாக்கிலும் தொண்டைச் சுவரிலும் உள்ள தசைகளே விறைத்து நின்று அந்த வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. தூக்கம் வந்ததும் தசைகள் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதியும் பின்னோக்கிச் சரிகிறது. வழி குறுகும் இடத்தில் காற்று வேகமெடுக்கிறது, அண்ணத்தின் மென்மையான பின்பகுதியாகிய மெல்லண்ணமும் உள்நாக்கும் அதில் அதிர்கின்றன, அந்த அதிர்வின் ஓசையையே நாம் குறட்டை என்கிறோம்.

அதிர்வோடு நின்றுவிட்டால் அது பக்கத்தில் படுத்திருப்பவரின் தூக்கத்தைக் கெடுக்கும் ஓசை மட்டுமே. சிலருக்கு வழி அத்துடன் நிற்காமல் முழுவதும் அடைபட்டு, மூச்சு 10 நொடிக்கோ அதற்கு மேலுமோ நின்று, பிறகு திணறலுடன் மீண்டும் தொடங்குகிறது. இதற்குத் தூக்க மூச்சுத்தடை என்று பெயர். ஒரு மணி நேரத் தூக்கத்தில் மூச்சு எத்தனை முறை தடைபடுகிறது அல்லது வெகுவாகக் குறைகிறது என்ற எண்ணிக்கையைக் கொண்டு மருத்துவர்கள் இதன் கடுமையை அளக்கிறார்கள். பெரியவர்களில் 5-க்குக் கீழ் இருந்தால் இயல்பு, 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமையானது. குழந்தைகளுக்கு அளவுகோல் மிகவும் கண்டிப்பானது: மணிக்கு ஒரு முறையைத் தாண்டினாலே கவனிக்க வேண்டியதாகிவிடுகிறது. தூங்கும்போது மூச்சைக் கருவிகளால் பதிவு செய்யும் தூக்க ஆய்வில் மட்டுமே இந்த எண் கிடைக்கும். பல் எக்ஸ்ரேயைப் பார்த்தோ, வாயைத் திறந்து பார்த்தோ எவராலும் அதைச் சொல்லிவிட முடியாது. விழித்த நிலையில் எடுக்கப்படும் படம் தூக்கத்தில் தளர்ந்த தொண்டையைக் காட்டாது.

தொண்டை குறுகுவதற்குக் காரணங்கள் பல. உடல் பருமனும் கழுத்தைச் சுற்றிய கொழுப்பும், வீங்கிய டான்சிலும், மூக்கின் பின்புறத்துச் சதையான அடினாய்டும், ஒவ்வாமையால் அடைத்த மூக்கும், இரவில் அருந்தும் மதுவும், வயதும் அவற்றில் அடங்கும். தாடையின் வடிவம் இந்தக் காரணங்களில் ஒன்று. எல்லோருக்கும் அதுவே முதன்மையானது என்று சொல்லவும் முடியாது. பல் சீரமைப்பு மருத்துவரின் பங்கு இந்த ஒரு காரணத்தில்தான் தொடங்குகிறது.

வாயின் கூரை, மூக்கின் தரை

உங்கள் நாக்கின் நுனியை மேலே உயர்த்தி அண்ணத்தைத் தொட்டுப் பாருங்கள். நாக்கு தொடும் அந்தக் கடினமான எலும்புத் தட்டின் மறுபக்கம் மூக்குத் துவாரத்தின் தரை. வாய்க்குக் கூரையாக இருப்பதே மூக்குக்குத் தரையாகவும் இருப்பதால், மேல்தாடை ஒடுங்கி அண்ணம் கூடுபோல் உயர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு மூக்கின் உள்வழியும் பல நேரம் ஒடுங்கியே இருக்கும். நாக்கு மேலே ஒட்டி ஓய்வெடுக்க இடம் போதாமல் கீழே, பின்னே தங்கிவிடும். நேரான ஒரு குழாயில் அமைதியாக ஓடும் காற்றுக்கு, குழாயின் ஆரம் பாதியானால் எதிர்ப்பு 16 மடங்காகும் என்பது இயற்பியல் விதி. மூக்கும் தொண்டையும் நேரான குழாய்கள் இல்லை, ஆகவே அந்தக் கணக்கை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. ஆனாலும் ஓரிரு மில்லிமீட்டர் அகலம்கூட ஏன் பொருட்படுத்தத்தக்கது என்பதை அது உணர்த்துகிறது.

குழந்தையின் அண்ணம் ஒரே எலும்பாக இருப்பதில்லை. இடமும் வலமுமாக இரண்டு பாதிகள் நடுவில் ஒரு பொருத்துக்கோட்டில் சந்திக்கின்றன. அந்தக் கோடு பதின்பருவத்தில் மெல்ல மெல்ல இறுகுகிறது. இறுகுவதற்கு முன் இரண்டு பாதிகளையும் திருகு வைத்து விலக்கலாம் என்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர் 1860-லேயே எழுதினார். அக்காலத்தில் அதைப் பலர் நம்பவில்லை. நூறாண்டு கழித்து, 1961-இல் பல் சீரமைப்பு மருத்துவர் ஆண்ட்ரூ ஹாஸ் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் அந்த முறை பரவலாயிற்று. இன்றும் அடிப்படை மாறவில்லை. கடைவாய்ப்பற்களில் பதிக்கப்படும் கருவியின் நடுவே ஒரு சிறு திருகு இருக்கும்; பெற்றோர் ஒரு சாவியால் அதைத் திருப்புவார்கள். ஒரு திருப்பலுக்குப் பொதுவாக கால் மில்லிமீட்டர் விரியும். சில நாட்களில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் இடையில் ஓர் இடைவெளி தோன்றும். அதைக் கண்டு பெற்றோர் பதறுவது இயல்பு. ஆனால் எலும்புப் பாதிகள் விலகத் தொடங்கியதற்கு அதுவே அடையாளம். இடைவெளி பின்னர் தானாகவே பெரும்பாலும் மூடிக்கொள்ளும், விலகிய கோட்டில் புதிய எலும்பு வளரும்.

இது குறட்டைக்கும் மூச்சுத்தடைக்கும் உதவுகிறதா? மூச்சுத்தடை உள்ள குழந்தைகளுக்கு மேல்தாடையை விரித்த 17 ஆய்வுகளை, மொத்தம் 314 குழந்தைகளை, ஒருசேர ஆராய்ந்து 2017-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, மணிக்குச் சராசரியாக 9 ஆக இருந்த தடை எண்ணிக்கை விரிவாக்கத்துக்குப் பின் 3-க்கும் கீழே வந்ததாகச் சொன்னது. கேட்பதற்கு மிகவும் நம்பிக்கையூட்டும் செய்திதான். ஆயினும் இதை எடைபோட இன்னோர் ஆய்வையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மூச்சுத்தடை உள்ள 5 முதல் 9 வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், டான்சிலும் அடினாய்டும் அகற்றப்பட்டவர்களில் 79 சதவீதத்தினருக்கு ஏழு மாதங்களில் தூக்க ஆய்வு இயல்புக்குத் திரும்பியது. அறுவை சிகிச்சை இல்லாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களிலும் 46 சதவீதத்தினருக்கு அது இயல்பாயிற்று. எதுவும் செய்யாமலே இத்தனை குழந்தைகள் தேறும்போது, ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லாத ஆய்வில் கிடைத்த முன்னேற்றம் முழுவதையும் திருகின் கணக்கில் எழுதிவிட முடியாது. விரிவாக்க ஆய்வுகளில் பெரும்பாலானவை அத்தகைய ஒப்பீட்டுக் குழு இல்லாதவை.

ஆகவே எனது கருத்து இதுதான்: மேல்தாடை உண்மையிலேயே ஒடுங்கி, மேல் கடைவாய்ப்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாகக் கடிக்கும் பிள்ளைக்கு விரிவாக்கம் எப்படியும் செய்ய வேண்டிய சிகிச்சை; அதனால் மூக்கு மூச்சு இலகுவாகி, குறட்டையும் குறைந்தால் அது கூடுதல் நன்மை. தாடை அளவாகவே இருக்கும் பிள்ளைக்குக் குறட்டைக்காக மட்டும் அதை விரிப்பது நியாயமாகாது. அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையும் எலும்பில் அதற்கான தேவை இருக்கும்போதே இச்சிகிச்சையைச் செய்ய வேண்டும் என்கிறது. பெரிய டான்சில் கண்ணுக்குத் தெரியும்போது, முதலில் பார்க்க வேண்டியவர் காது மூக்கு தொண்டை மருத்துவரே.

வளர்ந்தவர்களுக்குப் பொருத்துக்கோடு இறுகிவிடுவதால், அண்ணத்தில் சிறு திருகாணிகளைப் பதித்தோ, எலும்பை அறுவை சிகிச்சையால் தளர்த்தியோதான் விரிக்க வேண்டியிருக்கும். இதன் முடிவுகள் ஆளுக்கு ஆள் மாறுபடுகின்றன. வலியும் செலவும் கூடுதல்.

பின்தங்கிய கீழ்த்தாடை

மேல்தாடை அகலத்தைத் தீர்மானிக்கிறதென்றால், கீழ்த்தாடை ஆழத்தைத் தீர்மானிக்கிறது. நாக்கின் முக்கியத் தசை கீழ்த்தாடையின் உட்புறத்தில், மோவாய்க்குப் பின்னே பிணைந்திருக்கிறது. தாடை பின்தங்கியிருந்தால் நாக்கும் பின்னே தொண்டையை ஒட்டி நிற்கும். தாடையை முன்னே நகர்த்தினால் நாக்கும் உடன் வரும். பிரான்ஸ் நாட்டுப் பல் மருத்துவர் பியேர் ரோபன் இதை உணர்ந்து, கீழ்த்தாடையை முன்னே வைத்துப் பிடிக்கும் ஒரே துண்டாலான கருவி ஒன்றை 1902-இல் விவரித்தார். தாடை மிகச் சிறிதாகப் பிறந்து, நாக்கு பின்னே விழுந்து மூச்சுத் திணறும் சிசுக்களின் நிலைக்கு அவருடைய பெயரே இன்றும் வழங்குகிறது. ஒரே கருத்து அங்கிருந்து இரண்டு கிளைகளாகப் பிரிந்தது என்றே சொல்லலாம்.

ஒரு கிளை வளரும் பிள்ளைகளுக்கானது. ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1977-இல் உருவாக்கிய ட்வின் பிளாக் கருவி இதில் பெரிதும் பயன்படுகிறது. மேலும் கீழும் தனித்தனி அக்ரிலிக் துண்டுகள் சாய்வாக ஒன்றோடொன்று பொருந்தி, வாயை மூடும்போதெல்லாம் தாடையை முன்னே கொண்டுவரும். வளர்ச்சி வேகமாக இருக்கும் வயதில் அணிந்தால் எத்துப்பல்லின் தூக்கல் நன்றாகக் குறைகிறது. தொண்டையின் இடமும் சிலருக்கு அகலமாகிறது. எனினும், இக்கருவி அணிந்த பிள்ளையின் தாடை, அணியாத பிள்ளையின் தாடையைவிட இறுதியில் வெகுவாக நீண்டுவிடுகிறது என்று நினைப்பது சரியாகாது. நீண்ட கால வேறுபாடு சிறியதே.

மற்றொரு கிளை பெரியவர்களுக்கானது. இரவில் மட்டும் அணிந்து, காலையில் கழற்றிவிடும் தாடை முன்னகர்த்திக் கருவி அது. இங்கே பற்களைச் சீராக்கும் நோக்கம் இல்லை. தூங்கும் நேரத்தில் வழியைத் திறந்து வைப்பதே வேலை. மூச்சுத்தடை இல்லாத குறட்டைக்கும், காற்றழுத்த முகமூடியான சிபாப் கருவியைத் தாங்க முடியாத மூச்சுத்தடை நோயாளிகளுக்கும் இதைத் தரலாம் என்று அமெரிக்காவின் தூக்க மருத்துவ, பல் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015-இல் இணைந்து வெளியிட்ட வழிகாட்டி பரிந்துரைக்கிறது. அழுத்தக் கருவி தடை எண்ணிக்கையை அதிகமாகக் குறைக்கிறது; ஆனால் வாய்க்கருவியைப் பலர் அதைவிட அதிக நேரம் அணிகிறார்கள். இணையத்தில் வாங்கி வெந்நீரில் முக்கிக் கடித்துப் பொருத்தும் கருவிகளைக் காட்டிலும், அவரவர் பற்களுக்கு அளவெடுத்துச் செய்து, சிறிது சிறிதாக முன்னகர்த்தக்கூடிய கருவியே தக்கது.

இதில் ஒரு விலையும் உண்டு, அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆண்டுக்கணக்கில் தாடையை முன்னே பிடித்திழுக்கும் கருவி பற்களின் மீதும் அழுத்துகிறது. மேல் முன்பற்கள் சற்றே உட்சாய்கின்றன, கீழ் முன்பற்கள் சற்றே வெளிச்சாய்கின்றன, கடிப்பு மாறுகிறது. இரண்டு ஆண்டுகள் கிளிப் போட்டுச் சீராக்கிய பல்வரிசையை ஒருவர் குறட்டைக் கருவியால் மெல்ல இழக்கவும் கூடும். ஆகவே இரண்டு சிகிச்சையும் தேவைப்படுவோர், இரண்டு மருத்துவர்களும் ஒருவர் மற்றவர் செய்வதை அறிந்திருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

நெருக்கமான பற்களை வரிசைப்படுத்தும் சாதாரணக் கிளிப் சிகிச்சை, தாடை எலும்பின் இடத்தை மாற்றுவதில்லை. அதனால் குறட்டை நின்றுவிடும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. மறுபுறம், கிளிப் போடுவதற்காக நான்கு முன்கடைவாய்ப்பற்களைப் பிடுங்கினால் வாய் சுருங்கி மூச்சுத்தடை வந்துவிடும் என்ற அச்சம் இணையத்தில் பெரிதாகப் பரவியிருக்கிறது. அமெரிக்காவில் 5,500-க்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், அந்த நான்கு பற்கள் இல்லாதவர்களிலும் இருப்பவர்களிலும் மூச்சுத்தடை ஏறத்தாழ ஒரே அளவில்தான் காணப்பட்டது. பல்லைப் பிடுங்குவதா வேண்டாமா என்பதை முகத்தோற்றமும் இடநெருக்கமும் பார்த்து முடிவெடுக்கலாம். இந்த அச்சத்தை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

தாடை இரண்டும் மிகவும் பின்தங்கி, மூச்சுத்தடையும் கடுமையாக இருக்கும் பெரியவர்களுக்கு, இரு தாடைகளையும் முன்னே நகர்த்தும் அறுவை சிகிச்சை உண்டு. அதன் பலன் மிகுதி. அதற்கு முன்னும் பின்னும் கிளிப் போட வேண்டியிருக்கும்.

பல் கடிப்பு வேறு கதை

தூக்கத்தில் பிள்ளை பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி இருக்கிறது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பூச்சி மருந்தும் கொடுப்பார்கள். பூச்சிக்கு மருந்து கொடுப்பது வேறு காரணங்களுக்காக நல்லதாக இருக்கலாம், ஆனால் அதுதான் பல் கடிப்புக்குக் காரணம் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. பல் மருத்துவத்திலும் இதேபோல் ஒரு நம்பிக்கை நெடுநாள் ஆட்சி செய்தது. மேலும் கீழும் பற்கள் சரியாகப் பொருந்தாமல் இடறுவதால்தான் தாடை அரைக்கிறது என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சிகர்ட் ராம்ஃபியோர்ட் 1961-இல் எழுதினார். அதை நம்பி எத்தனையோ பேரின் பற்கள் தேய்த்துச் சரிசெய்யப்பட்டன. பின்னர் நடந்த ஆய்வுகளில் அந்தக் கருத்து நிற்கவில்லை. கோணல்பல் உள்ள பெரும்பாலோர் பல்லைக் கடிப்பதில்லை. வரிசை தவறாத பல் உள்ள பலர் கடிக்கிறார்கள்.

தூக்க ஆய்வகங்களில் பதிவான நிகழ்வு வரிசை இந்த மாற்றத்துக்கு வழிவகுத்தது. தூக்கம் சில நொடிகளுக்கு இலேசாகக் கலைகிறது. இதயத் துடிப்பும் மூளையின் மின்னலைகளும் வேகமெடுக்கின்றன. அதற்குப் பிறகே தாடைத் தசை சுருங்கி, பற்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன. பற்கள் தொடுவது இந்தத் தொடரின் கடைசிக் கண்ணி. மன அழுத்தம், புகை, மது, அதிகக் காப்பி, மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மாத்திரைகள் ஆகியவை இதைக் கூட்டுகின்றன. பெரியவர்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினரிடமும் குழந்தைகளில் அதைவிடக் கூடுதலாகவும் இது காணப்படுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு வயது ஏற ஏறக் குறைந்துவிடுகிறது. பகலில், கணினித் திரையையோ போக்குவரத்து நெரிசலையோ பார்த்துக்கொண்டு பல்லை இறுக்கிக்கொள்வது இன்னொரு வகை. ஓய்வில் இருக்கும் வாயில் உதடுகள் மூடியிருந்தாலும், மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் சில மில்லிமீட்டர் விலகியே இருக்க வேண்டும் என்பதை அடிக்கடி நினைவுபடுத்திக்கொள்வது இவ்வகைக்கு உண்மையிலேயே உதவும்.

இதனால் கிளிப் சிகிச்சை பல் கடிப்பை வேரோடு நிறுத்தாது. புதிதாகக் கம்பியை முறுக்கிய நாட்களில் பற்கள் வலிப்பதால் சிலர் கடிப்பது குறையலாம். வலி தீர்ந்ததும் திரும்பும். மாறாக, பல் கடிப்புதான் சிகிச்சைக்குத் தொல்லை தரும்: பல்லில் ஒட்டிய பிராக்கெட்டுகள் பெயர்ந்துவிடும், கம்பிக்குப் பதிலாக அணியும் ஒளிபுகும் அலைனர் உறை தேய்ந்து ஓட்டை விழும், சீரான பல்வரிசை மாறாமலிருக்க அணியும் இரவு நேர ரிடெய்னர் விரைவில் விரிசல் விடும். பல் தேயாமல் காக்க இரவில் அணியும் வழக்கமான நைட் கார்டு உறையைக் கிளிப்பின் மேல் அணிவதும் கடினம், ஏனென்றால் பற்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால் அளவு சில வாரங்களில் மாறிவிடும். ஆகையால் பல் கடிக்கும் பழக்கத்தைச் சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. காலையில் தாடை இறுகியிருத்தல், நெற்றிப்பொட்டில் வலி, கடைவாய்ப்பற்களின் முகடுகள் தட்டையாதல், நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

குறட்டையும் பல் கடிப்பும் ஒருவரிடமே சேர்ந்து வரும்போது கூடுதல் கவனம் வேண்டும். மூச்சு தடைபட்டுத் தூக்கம் கலையும் ஒவ்வொரு முறையும் தாடையும் இறுகுவது சிலரிடம் காணப்படுகிறது. எல்லோரிடமும் இந்தத் தொடர்பு இல்லை. இந்தத் தொடர்பு உள்ளவர்களில் சிலருக்கு மூச்சுத்தடைக்குச் சிகிச்சை அளித்ததும் பல் கடிப்பும் தணிந்திருக்கிறது. ஆனால் மூச்சுத்தடையைக் கண்டறியாமல், தேய்ந்த பல்லை மட்டும் பார்த்து மேற்பல்லுக்கு உறை செய்து கொடுத்தால், அது நாக்குக்கான இடத்தை எடுத்துக்கொண்டு மூச்சுத்தடையைக் கூட்டவும் கூடும் என்று ஒரு சிறிய ஆய்வு காட்டியிருக்கிறது. எனவே சத்தமாகக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி வழியும் ஒருவருக்குப் பல் உறையை அளவெடுக்கும் முன்பே தூக்க ஆய்வுக்கு எழுதித் தரும் பல் மருத்துவரை நம்பலாம்.

பெற்றோர் முதல் சந்திப்புக்குச் செல்லும்போது, பிள்ளை தூங்குவதை ஓரிரு நிமிடங்கள் ஒலியுடன் கைபேசியில் பதிவு செய்து எடுத்துச் செல்லுங்கள். வாய் திறந்திருக்கிறதா, மூச்சு இடையில் நின்று திணறித் தொடங்குகிறதா, தலையைப் பின்னே சாய்த்து வியர்க்க வியர்க்கத் தூங்குகிறானா என்பவை அதில் தெரியும். படுக்கையில் சிறுநீர் கழிப்பது மீண்டும் தொடங்கியிருந்தாலோ, பள்ளியில் கவனம் சிதறுவதாக ஆசிரியர் சொல்லியிருந்தாலோ அதையும் சொல்லுங்கள். மருத்துவர் விரிவாக்கத்தையோ தாடைக் கருவியையோ பரிந்துரைத்தால், எந்த இடம் எத்தனை மில்லிமீட்டர் குறைவாக இருக்கிறது என்று கேளுங்கள். பிள்ளைக்கு மூச்சுத்தடை இருப்பது தூக்க ஆய்வில் உறுதியாகியிருந்தால், சிகிச்சை முடிந்த சில மாதங்களில் அந்த ஆய்வை மீண்டும் செய்யச் சொல்லுங்கள். குறட்டை ஓசை அடங்கிய பிறகும் மூச்சுத்தடை மிச்சமிருக்கக்கூடும். அது மிச்சமிருக்கிறதா என்பதை அந்த இரண்டாம் ஆய்வு சொல்லும்.